இடப்பக்கம் போன பெருக்கல் குறி

அக்டோபர் 27, திங்கள்

மறுபடியும் மாற்றி வைத்திருக்கிறான். விண்டோவை மூடுகிற பெருக்கல் குறி இடப்பக்கம் போயிருக்கிறது. மவுஸும் இடப்பக்கம். வழக்கமான பட்டனை அழுத்தினால் மெனு விரிகிறது, மற்றதை அழுத்தினால்தான் எதுவும் திறக்கிறது.

இன்றைக்குப் பார்த்தா? திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். வேங்கிக்காலில் எங்கள் டைப்பிங் கடை வாசலில் ஒன்பது மணிக்கே பதினைந்து பேர். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஜனங்கள் நிற்கிறார்கள், நான் செட்டிங்ஸைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

அர்ஜுனன். காலையில் நான், மதியம் இரண்டு மணியிலிருந்து அவன். கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. அவன் பீச்சாங்கைக்காரன். அதைக் குற்றம் சொல்லவில்லை. போகும்போது பழையபடி வைத்துவிட்டுப் போனால் கை தேய்ந்துவிடுமா?

இதெல்லாம் முதலாளி வேணுவின் மருமகன் பிரசாத் செய்த வேலை. வைரஸ் பிடித்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டான். "இதுல எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாங்கக்கா" என்றான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

அக்டோபர் 28

எல்லாவற்றையும் வலப்பக்கம் கொண்டுவந்தேன். கிளம்பும்போது மவுஸ் ஒயரை மேஜைக்கு வலப்பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டும் வந்தேன். அவிழ்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 3, திங்கள்

அழுகை வந்துவிட்டது இன்று. இரண்டு பக்க மனு, ஏரிக்கால்வாய் ஆக்கிரமிப்பு. முடிக்கிற நேரத்தில் விண்டோவின் தலைப்பில் இரண்டு முறை தட்டினேன், பெரிதாகும் என்று. பக்கம் முழுவதும் காணோம்! மேலே ஒரு பட்டை மட்டும் நிற்கிறது. மனுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலிலிருந்து அடித்தேன்.

மாலையில் பிரசாத் போனில் சொன்னான்: "பைல் எங்கயும் போலக்கா. சுருண்டு இருக்கு. திரும்ப ரெண்டு தட்டு தட்டுனா இறங்கிடும். அர்ஜுனன் அண்ணன்தான் அப்படி வச்சிருக்காரு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

நவம்பர் 10, திங்கள்

இப்போது கீபோர்டிலும் கை வைத்துவிட்டான். தவறாக அடித்ததை அழிக்க பேக்ஸ்பேஸை அமுக்கிப் பிடித்தால் ஒன்றும் நடப்பதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறது, ஆமை. கீபோர்டு செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், நான் கடைசி வரைக்கும் தள்ளி வைத்திருந்த வேகத்தைக் குறைவு பக்கம் இழுத்து வைத்திருக்கிறான். திரும்பக் கடைசி வரைக்கும் தள்ளினேன்.

இன்று அவன் வரும்வரை இருந்து கேட்டேன். "உங்க கைக்காகத்தான் மேடம் கொறச்சி வச்சேன்" என்றான்.

என் கைக்கு என்ன குறை? தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. இரும்புக் கட்டையை இடித்துப் பழகின விரல் இது. "என் கைய நான் பாத்துக்கறேன், நீங்க உங்க பீச்சாங்கையப் பாத்துக்குங்க" என்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

நவம்பர் 12

வேணு கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஜனங்க போன்லயே மனு போட்டுர்றாங்க. வேல கம்மிம்மா. கார்த்திகை தீபம் முடிஞ்சி ஒரு ஆள்தான் வச்சிக்க முடியும்."

யார் என்று சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வயதில் எந்தக் கடை வாசலில் போய் நிற்பேன்? அந்த நாற்காலி என்னுடையது. விடமாட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! செட்டிங்ஸில் 'பயனர்கள்' என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு லாகின், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. என் லாகினில் என் பெருக்கல் குறி, என் மவுஸ், என் கீபோர்டு. அவனுடையதில் அவன் தலைகீழாய் நிற்கட்டும். இத்தனை வாரமாக ஒரே லாகினுக்குள் இரண்டு பேரும் கிடந்து மல்லுக்கட்டியிருக்கிறோம். பிரசாத்துக்கும் இது தோன்றவில்லை, கம்ப்யூட்டர் படித்தவனாம்.

மதியத்துக்குள் இரண்டு லாகின் ரெடி. அர்ஜுனனுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: உங்கள் பாஸ்வேர்டு arjunan. என்னுடையது எனக்கு மட்டும்.

நவம்பர் 20

போன் பண்ணினான். "மேடம், உங்க பைலு எதுவும் தொறக்கல. அனுமதி இல்லனு வருது. ஒரு திருத்தம் இருக்குது, பாஸ்வேர்டு சொல்றீங்களா?"

"என் பைல்ல உங்களுக்கு இன்னா வேல?" என்றேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டான். எத்தனை நாளாக என் பைல்களை நோண்டிக்கொண்டிருந்தானோ. நல்லவேளை, பூட்டினேன்.

டிசம்பர் 5

தீபக் கூட்டம் வடிந்தது. பஸ் மறுபடி ஊருக்குள் வருகிறது. அதிகம் அடித்த ஆள்தான் இருக்கலாம் என்று வேணு சொல்ல, பிரசாத் இரண்டு லாகினிலும் பைல்களை எண்ணினான். லாகின் பிரித்த நாளிலிருந்து என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு. அவனுடையது தொண்ணூற்று நான்கு.

அர்ஜுனன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஜெயித்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

டிசம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து மாலை வரை நான்தான். மவுஸ் வைத்த இடத்தில் இருந்தது.

டிசம்பர் 15, திங்கள்

மூன்று மணிக்குக் காசியம்மாள் என்று ஒரு கிழவி, போன வாரம் நான் அடித்துக் கொடுத்த மனுவோடு வந்தாள். "இன்னாம்மா இது, நெம்பரு தப்புனு தொரத்திட்டாங்க. அந்த நொட்டாங்கை சாரு இல்லியா? அவருன்னா படிச்சிக் காட்டி சரி பண்ணித் தருவாரு."

சர்வே எண் 47. நான் அடித்திருப்பது 447. அவள் சரியாகச் சொல்லியிருக்கமாட்டாள் என்று திட்டிவிட்டுத் திருத்திக் கொடுத்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

இன்று மட்டும் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். 318 என்பது 3118. ஒருவர் போன் நம்பரில் பதினோரு எண். எல்லாமே ஒரே மாதிரி, எண் இரட்டித்திருக்கிறது. இரண்டு பேர் கத்திவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

கடை காலியானதும் அடித்துப் பார்த்தேன். என் விரல் கட்டையில் ஒரு கணம் கூடவே நிற்கிறது. டைப்ரைட்டரில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒரு எழுத்துதான் விழும். இதில், நான் தள்ளி வைத்த வேகத்துக்கு, இரண்டு விழுகிறது. எழுத்தென்றால் கண்ணில் படும். எண் படாது.

உங்க கைக்காகத்தான் மேடம்.

டிசம்பர் 23

அவன் லாகினைத் திறந்தேன். பாஸ்வேர்டை மாற்றக்கூட இல்லை. பீச்சாங்கை மவுஸோடு தடவித் தடவிப் போனால் ஒரு போல்டர்: 'திரும்பி வந்தவை'. உள்ளே முப்பத்தொரு மனு. எல்லாம் நான் காலையில் அடித்துக் கொடுத்தவை. என் பைல் திறக்காததால் பேப்பரைப் பார்த்து முதலிலிருந்து அடித்திருக்கிறான். லாகின் பிரிப்பதற்கு முன்னால் என் பைலிலேயே திருத்தியிருப்பான், எனக்குத் தெரியவே தெரியாது. அவன் மதியங்கள் அதில்தான் போயிருக்கின்றன. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன்டா சொல்லல? சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? இப்ப நான் சொன்னா என் நாற்காலி போவும். சொல்லலன்னா—

டிசம்பர் 24

நாள் முழுதும் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் 26

வேணுவைக் கூப்பிட்டு அந்தப் போல்டரைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்து, இது என் தப்பு, இதுவும் என் தப்பு என்று சொன்னேன். ஏழாவதிலேயே "போதும்மா" என்றார்.

டிசம்பர் 29, திங்கள்

வேணு கடை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடையில் கூட்டம். மாலையில், "பொங்கல் முடிஞ்சி பாக்கலாம்" என்றார். எதைப் பார்ப்பாராம்?

ஜனவரி 12, திங்கள்

பிரசாத்திடம் லாகின் இரண்டையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஒன்றாக ஆக்கச் சொன்னேன். "எதுக்குக்கா? ஒரு பொது போல்டர் போட்டுத் தரேனே" என்றான்.

"வேணாம். யாரு எத்தினி அடிச்சாங்கனு எண்ண முடியாத மாதிரி வச்சிக் குடு."

ஜனவரி 19, திங்கள்

பெருக்கல் குறி இடப்பக்கம். மவுஸ் இடப்பக்கம், ஒயரை என்னைப் போலவே இழுத்துக் கட்டியிருக்கிறான். தலைப்பைத் தட்டினேன், பக்கம் சுருண்டு மேலே போய்விட்டது. சனியன்! இரண்டு பேரும் இருக்கட்டும் என்று வேணு கூப்பிட, சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்தவன், ஒரே நாளில் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டான். வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள்.

திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக என் பக்கம் மாற்றினேன். கீபோர்டு வேகம் குறைவில் இருந்தது. அதைத் தொடவில்லை.