கழற்றி வைத்த பூட்ஸ்

செவ்வாய், பிரிக்ஃபீல்ட்ஸ்.

கிள்ளான் ஆற்றங்கரையில் குப்பை அள்ளும் தற்காலிக வேலை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த முருகனுக்கு மட்டும் பூட்ஸ் தரவில்லை.

"செருப்போடயே இறங்கு" என்றார் சூப்பர்வைசர்.

எங்களோடு வேலை செய்யும் மேரி அக்கா தன் பூட்ஸைக் கழற்றி லோரியில் வைத்தார்.

"சேறெல்லாம் கண்ணாடித் துண்டு, பாஸ். அவருக்கும் குடுங்க, இறங்குறோம்லா."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

"போறோம். ஆத்த நீங்களே கழுவுங்க."

சிரித்துக்கொண்டே எல்லோரும் கழற்றினோம். மதியத்துக்குள் முருகனுக்குப் பூட்ஸ் வந்துவிட்டது.

நாளைக் காலை வேலைக்கு லோரியில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்வதும் அதே சூப்பர்வைசர்தான். அக்காவை ஏற்றாவிட்டால் நானும் ஏறமாட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுத எளிதாகத்தான் இருக்கிறது. பூட்ஸைக் கழற்றும்போது அக்கா யோசிக்கக்கூட இல்லை.