அது பித்தம் இல்லை, அத்தை

அத்தை, இன்று காலை அப்பா கடையில் புது நைலான் வலைக்கட்டு ஒன்றைப் பிரித்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். மாதாமாதம் அந்தக் கட்டுகளுக்குப் பின்னால்தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாய்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கடை. வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள். "தங்கச்சிக்கு என்ன அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால் அப்பா தராசைப் பார்த்தபடி, "பித்தம்" என்பார். மாதவிலக்கு என்று சொல்ல முடியுமா! சொல்லிச் சொல்லி வீடே அதை நம்பிவிட்டது. உனக்கு எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு என்று வைத்தியம் வேறு. நீ மட்டும் நம்பவில்லை. "ஏளா, பித்தம்னா தலைக்குல்லா ஏறணும்? இது நண்டு மாதிரி அடிவயித்தப் புடிச்சித் தொங்குது" என்பாய்.

அப்படிக் கிடந்தபடியேதான், பேரம் பேசியே உயிரை வாங்கிய ஒருவரின் குடையை வலைநூலால் நாற்காலிக் காலோடு கட்டச் சொன்னாய். கட்டினேன். மனுசன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டே புறப்பட்டார். நீ சிரித்தாய், வலித்தது, திட்டினாய், மறுபடியும் சிரித்தாய்.

நீ காய்ச்சலில் செத்துப்போன மறுவருடம் அந்த நண்டு என்னிடம் வந்தது. பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்தேன். கேள்வித்தாளைப் பார்த்துத்தான் விழுந்தேன் என்றது வகுப்பு. என் பழைய சாதனைகள் அப்படி! ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் அம்மாவும் முடிவு கட்டிவிட்டாள்: "மட்டம் போட நடிக்கா." வாழ்க்கையில் முதல்முறையாக நான் நடிக்காத ஒன்று, அதை நம்பத்தான் ஆளில்லை.

அதற்குப் பிறகும் விடாமல் நச்சரித்து, போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வலி உண்டா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்," என்றாள் அம்மா. "இவ அத்தைக்குப் பித்தம் மட்டும் உண்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற அப்பா பேசினார். "பித்தம் இல்ல டாக்டர். என் தங்கச்சிக்கும் மாசாமாசம் இதே வலிதான். ஆளுக முன்னால சொல்லக் கூச்சப்பட்டு நாந்தான் பித்தம்னேன்."

அப்பாவேதான், அத்தை! தராசைப் பார்க்காமல், டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டரம்மா என்னை வெகுநேரம் விசாரித்தார். பரிசோதித்தார். பிறகு சொன்னார்: "எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம். ஸ்கேன்ல தெரியாமலும் போகும். நீ நடிக்கலம்மா."

பெயரைப் பார்த்தாயா? நம் ஹார்பருக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல் மாதிரி! கருப்பைக்குள் இருக்கிற சவ்வு போன்ற ஒன்று வெளியே போய்க் குடியேறுமாம். பட்டா இல்லாத குடியிருப்பு. மாத்திரை தொடங்கியாச்சு. அதில் வலி கேட்கவில்லை என்றால், வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கேமராவால் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்துவார்களாம். எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. நோய்க்காக இல்லை, நாம் இரண்டு பேரும் ஜெயித்ததற்காக.

கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "இவ வாய்க்கொழுப்புக்கும் ஒரு மாத்திரை எழுதுங்க டாக்டர். அதுவும் அவ அத்தைகிட்ட இருந்து வந்ததுதான்."

"அதுக்கு மருந்து கிடையாது" என்றார் டாக்டரம்மா.

நல்லவேளை, அத்தை. வலியை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். வாயை நான் வைத்துக்கொள்கிறேன்.