அம்மாமன் நிற்கும் இடம்

கடலூர்,
2.8.2011

மதிப்பிற்குரிய அம்மாமாவுக்கு,

பிரமோத் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. அப்பா நலம். அங்கே ஒற்றப்பாலத்தில் மழை ஜாஸ்தி என்று டி.வி.யில் பார்த்தோம். எனக்கு மலையாளம் பேசத்தான் வரும். நீங்கள் கோயமுத்தூரில் இருந்தவர், தமிழ் படிப்பீர்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடிக்கிற வீட்டில் தங்கை ஸ்மிதாவைக் கொடுப்பதற்கு வந்து நிற்க மாட்டேன் என்று போனில் சொன்னீர்கள். அப்பா சம்மதித்துவிட்டார் என்றேன். நாயர் வீட்டில் பெண்ணைக் கொடுப்பவன் தாய்மாமன், அப்பனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற அப்பா காதிலும் அது விழுந்தது.

மாப்பிள்ளை பூவராகன் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்காரன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். என் தங்கையை நன்றாக வைத்துக்கொள்வான். அதற்கு மேல் எனக்கு எந்த சர்டிபிகேட்டும் வேண்டாம்.

போன வாரம் அவன் அம்மா அமராவதியம்மாவிடம் நம் சடங்கைச் சொன்னேன். விளக்கு முன்னால் மாப்பிள்ளை புடவை கொடுப்பான், பெண் வாங்கிக்கொள்வாள், அதுதான் கல்யாணம் என்றேன். "அவ்ளோதானா? எங்க ஐயரு சம்மணம் போட்டு ஒக்கார்றதுக்குள்ள முடிஞ்சிடுமே" என்று சிரித்தார். ஜரிகைக் கரை போட்ட நம் கசவுப் புடவையைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "வெள்ளையா? எம்புள்ள உசுரோட இருக்கச்சவே, அவன் கையால வெள்ளையக் குடுக்கச் சொல்றியா தம்பி?" என்றார். சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்தவர். புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். "ஒங்க வழக்கம் அதுன்னா அதுவே இருக்கட்டும். ஒரு முனையில மஞ்சள் தடவிக்கிறேன், அதுக்கு மட்டும் ஒத்துக்கப்பா" என்றார். நம் வழக்கத்துக்காக அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்தார். அந்த வழக்கத்தைக் காக்க வேண்டிய காரணவர், குடும்பத்துக்கு மூத்தவர், நீங்கள் வர மாட்டேன் என்கிறீர்கள். இதில் எனக்கு லாஜிக் பிடிபடவில்லை.

ஆவணி பத்தாம் தேதி, சிதம்பரத்தில் கல்யாணம். தேதி மாறாது. நீங்கள் சொன்ன சட்டப்படியே உங்களுக்கு அடுத்தவன் நான். ஸ்மிதாவுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அம்மாமன் நான். நீங்கள் வராவிட்டால் உங்கள் இடத்தில் நின்று நானே அவளைக் கொடுப்பேன். இது அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை.

அம்மா இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நேற்று மாடி அறையைக் கழுவி, புதுப் பாய் வாங்கி வைத்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன், தலையணைக்கு உறை மாற்றப் போய்விட்டாள்.

எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள், வண்டியோடு வந்து நிற்கிறேன். நீங்கள் வந்தால், கல்யாணத்தன்று நான் ஓரமாக நகர்ந்துகொள்வேன். சந்தோஷமாகவே நகர்ந்துகொள்வேன்.

உங்கள் மருமகன்,
பிரமோத்