மாலதி அக்காவின் பதில்

ஆகஸ்ட், சனிக்கிழமை இரவு

ஹோர்சன்ஸ் நகரில் நடக்கும், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக் கலைவிழாவில் இன்று நானும் மாலதி அக்காவும் பெண்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழக்கினோம். வகுப்பு முடிந்ததும் விழாவை நடத்தும் கிர்ஸ்டன் என்னிடம் வந்தாள். அடுத்த வருடம் அக்கா தைத்துக் காட்டட்டும், நீ துணிகளின் நிறத்தைத் தெரிவு செய்து கொடுத்தால் போதும் என்றாள்.

என் வலது கை நடுங்குவதை நான் வீட்டில் இவரிடம்கூடச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போது யாரும் பார்க்காதபடி திரும்பிக்கொள்வேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவைக் கேட்டேன். “கிர்ஸ்டனோட என்னைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ, அக்கா?”

“இல்லையடி. உன்ர கையைப் பற்றி நான் ஏன் கதைக்கப்போறன்?”

நான் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நாளைக்கும் வகுப்பு இருக்கிறது. அக்கா என் பக்கத்தில்தான் இருப்பார்.