நீக்க மறந்த வரி

3 மார்ச் 2025, திங்கள்

இன்று கடையில் நான் பேசிய மொத்த வார்த்தைகள் பதினொன்று. அதில் எட்டு, "ரெண்டு பக்கமுமா?" என்று நான்கு முறை கேட்டதில் போய்விட்டது.

பிளஸ் ஒன் முதல் வாரத்தில், எழுந்து நின்று உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். பெயரே வரவில்லை. அஞ்சலாட்சி என்ற பெயர் வராததில் ஆச்சரியமும் இல்லை. இந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு வைக்கும் பெயரா அது? மறுநாள் காய்ச்சல் என்று படுத்தேன். அந்தக் காய்ச்சல் ஒன்றரை வருடமாகத் தொடர்கிறது.

ஆனால் மனு டைப் அடிக்க உட்கார்ந்தால் நான் வேறு ஆள். எதிரே போலீஸ் ஸ்டேஷன், இந்தப் பக்கம் அகஸ்டினா அக்காவின் ஜெராக்ஸ் கடை. புகார் கொடுக்க வருகிறவர்கள் முதலில் எங்களிடம் அழுதுவிட்டுத்தான் அங்கே போகிறார்கள். அந்த அழுகையை நான் வாக்கியமாக்குவேன். இன்று ஓர் அண்ணன் தம்பி மனைத் தகராறு. "தனது கையிலிருந்த கூர்மையான ஆயுதத்தைக் காட்டி, உயிருடன் விடமாட்டேன் என்று மிரட்டினார்" என்று அடித்தேன். மனு கொடுக்க வந்தவர் படித்துவிட்டுக் கண் கலங்கினார்.

"நடந்தப்பகூட எனக்கு இவ்ளோ பயம் வல்லம்மா."

இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

5 மார்ச், புதன்

சாரம் பகுதியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஆதிலட்சுமி அம்மா கடைக்கு வந்தார். தெருமுனையில் இளநீர் வண்டி போடும் கன்னியப்பன் அண்ணன் மீது புகார். வெட்டிய மட்டைகளை இவர் வீட்டுச் சுவரோரம் குவிக்கிறாராம். மட்டையில் தண்ணீர் தேங்கிக் கொசு. பேத்தி டெங்குவில் படுத்து இப்போதுதான் எழுந்திருக்கிறாள்.

"பத்து வாட்டி சொல்லிட்டேன். 'அள்ளிடறேன் அத்த, அள்ளிடறேன் அத்த'ன்னு சிரிக்கிறான். அத்தையாம் அத்த! நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதுடி."

ஒவ்வொரு மனுவையும் நாங்கள் புதிதாக அடிப்பதில்லை. பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயர், முகவரி, விவரம் மாற்றி, வேறு பெயரில் சேமித்துக்கொள்வோம். கடையில் கூட்டம் வேறு. ஏழு நிமிடத்தில் முடித்தேன். ஆதிலட்சுமி அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஏழு நிமிடம்! அகஸ்டினா அக்காவுக்குப் பத்தாகும்.

6 மார்ச், வியாழன்

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பிரான்சுவா சார், லைஃப் சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். "பொன்ழூர், மத்மொசேல்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். ஆறு காப்பியா என்று கேட்க நினைத்து, ஆறு விரலைக் காட்டினேன்.

10 மார்ச், திங்கள்

மதியம் கன்னியப்பன் அண்ணனை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்தார்கள். கடையிலிருந்தே பார்த்தேன். இரண்டு சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களுக்கு நடுவில், மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டபடி நடந்தார். ஒரு காவலர் கையில், செய்தித்தாளில் சுற்றிய இளநீர் அரிவாள்.

மட்டை போட்டதற்கு அரிவாளைப் பிடுங்குவார்களா? சட்டம் கடுமையாகிவிட்டது என்று நினைத்தேன். எல்லாம் என் எழுத்தின் சக்தி என்றும் கொஞ்சம் நினைத்தேன். (இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.)

சாயங்காலம் அவரை அனுப்பிவிட்டார்கள். அரிவாள் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. சனிக்கிழமை ஸ்டேஷனில் நடக்கும் குறைகேட்புக் கூட்டத்தில் விசாரணையாம்.

தெருவுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னாள்: "கேட்டியாடி? ஆதிலட்சுமிகிட்ட கத்தியக் காட்டினானாம், படுபாவி."

கத்தியா?

11 மார்ச், செவ்வாய்

கத்தி என்னுடையது.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்த மனுவைத் திறந்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன். முகவரியை மாற்றியிருக்கிறேன். மனைத் தகராறு போய் மட்டை வந்திருக்கிறது, கொசு வந்திருக்கிறது. கொசுவுக்கு அடுத்த வரியில் "தனது கையிலிருந்த கூர்மையான ஆயுதத்தைக் காட்டி, உயிருடன் விடமாட்டேன்..." எடுக்காமல் விட்டிருக்கிறேன். அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது எனக்கு.

இதே வரி ஒரு பூக்காரர் மேல் விழுந்திருந்தால் போலீஸ் சிரித்திருக்கும். நாள் முழுக்க அரிவாளோடு நிற்கிறவர் மேல் விழுந்திருக்கிறது.

ஓடிப்போய் ஆதிலட்சுமி அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துப்போனது. ஸ்டேஷனில் கூப்பிட்டு, மனுவில் இருப்பதெல்லாம் உண்மையா என்று கேட்டபோது, "ஒவ்வொரு எழுத்தும் உண்மைங்கய்யா" என்றிருக்கிறார். மட்டையை நினைத்துக்கொண்டு!

"இப்பப் போயி இல்லன்னா, பொய்ப் புகாருன்னு என்னைத் தூக்கி உள்ள வெப்பாங்கடி. புது எஸ்.ஐ. சிரிக்கவே மாட்டேங்கறான். நீ வாய மூடிகினு இரு."

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

அகஸ்டினா அக்காவிடமும் சொன்னேன். "இங்க அடிச்சதுன்னு தெரிஞ்சா இனிமே எவன் வருவான்? என் பொழப்புடி இது. பொறு, ஆண்டவர் ஒரு வழி காட்டுவாரு." நானும் பொறுத்துப் பார்த்தேன். ஆண்டவரிடம் நேரடியாகக் கேட்கவில்லை. அவரிடமும் எனக்குக் கூச்சம்தான்.

யார்கிட்டப் போயி சொல்றது? எப்பிடிச் சொல்றது? வாயத் தொறந்தா பேரே வராது எனக்கு.

12 மார்ச், புதன்

ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல் வரை மூன்று முறை. நான்காவது முறை உள்ளே.

எங்கள் தெருப்பக்கம் ரோந்து வரும் ஏட்டு சுமலதா மேடம் இருந்தார். "என்னா பாப்பா?" என்றார். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மேடம் என் தோளில் கைபோட்டு உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார்.

"யாருடி அவன்?"

தலையை ஆட்டினேன்.

"போட்டோ கீட்டோ எதனா வெச்சிருக்கானா? பயப்படாத, உன் பேரு வெளிய வராது. எந்த ஏரியா? மூலக்குளமா?"

எதற்கு மூலக்குளம் என்று புரியாமல் விழித்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். "ரெண்டு நாள் டைம் குடு, அவனைப் பாத்துக்கறேன்" என்று சொல்லி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். எவ்வளவு நல்ல மனுஷி!

ஒரே வாரத்தில் இரண்டாவது பொய்ப் புகார். இதை வாயைத் திறக்காமலே கொடுத்திருக்கிறேன். மூலக்குளத்துப் பையன்கள் எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும்.

13 மார்ச், வியாழன்

தெருமுனையில் வண்டி நிற்கிறது. இளநீர்க் குலைகள் மேல் கோணி மூடியிருக்கிறது. பக்கத்தில் கன்னியப்பன் அண்ணன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வேறு அரிவாள் வாங்க வேண்டியதுதானே என்று யாரோ கேட்டார்கள்.

"வாங்கினா, இன்னொரு அருவா வெச்சிருக்கான்னு அதுக்கும் ஒரு கேஸு போடுவாங்க."

சனிக்கிழமையும் ஆதிலட்சுமி அம்மா 'உண்மை' என்று சொல்லிவிட்டால் கேஸ்தான். பெயர் ரவுடிப் பட்டியலில் ஏறிவிடும் என்கிறார்கள். ரவுடியா? காயில் எறும்பு ஊர்ந்தால், ஊதிவிட்டு வெட்டுகிற ஆள்.

14 மார்ச், வெள்ளி

பேச வராதவள் வேறென்ன செய்வாள்? மனு அடித்தேன்.

மனுதாரர்: அஞ்சலாட்சி. எதிர்மனுதாரர்: மேற்படி அஞ்சலாட்சி.

இந்த முறை வெற்றுப் பக்கத்தில், முதல் எழுத்திலிருந்து. ஏழு நிமிடப் புலிக்கு மூன்று மணி நேரம் ஆனது. அகஸ்டினா அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது. அவரே எடுத்து வைத்தார்.

15 மார்ச், சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஸ்டேஷன் வளாகத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. தெருவே வந்திருந்தது. பரீட்சைப் பேப்பரைக் கொடுப்பதுபோல் எஸ்.ஐ. வெற்றிச்செல்வனிடம் மனுவை நீட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"எங்க போற? படி."

நின்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும்மா. எல்லாருக்கும் கேக்கணும். படி."

முதல் வரியில் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "சத்தமாடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அகஸ்டினா அக்கா! கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். சனிக்கிழமை, அதுவும் கூட்ட நேரத்தில்.

படித்தேன். "எதிர்மனுதாரரான மேற்படி அஞ்சலாட்சி, கவனக்குறைவும் தலைக்கனமும் உடையவர்" என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் பழக்கம்தான், பள்ளியில் நிறையக் கேட்டிருக்கிறேன். மேலே படித்தேன். "மேற்கண்ட ஆயுதம் பற்றிய வரி வேறொருவர் மனுவில் நான் எழுதியது. திரு. கன்னியப்பன் அவர்கள் யாரையும் மிரட்டவில்லை. அவர் கையிலிருந்த தொழில் அரிவாளைக் கொலை ஆயுதமாக்கியது நானே." இங்கே யாரும் சிரிக்கவில்லை.

எஸ்.ஐ. திரும்பினார். "என்னாம்மா, மெரட்டினாரா இல்லயா?"

ஆதிலட்சுமி அம்மா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பு அவர் கையில் கசங்கியது. "இல்லீங்கய்யா. அத்தன்னுதான் கூப்ட்டான்."

"நீ பாக்காம அடிப்ப, அவங்க படிக்காம கையெழுத்து போடுவாங்க, நாங்க அருவாளுக்குக் காவல் இருக்கணுமா?" எல்லாருக்கும் சமமாகத் திட்டு விழுந்தது. என்னிடமும் ஆதிலட்சுமி அம்மாவிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். அரிவாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சுமலதா மேடம் என் காதருகே குனிந்தார். "அப்ப அந்த மூலக்குளத்துப் பையன்?"

"அப்பிடி யாருமே இல்ல மேடம்."

மேடம் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார்.

கன்னியப்பன் அண்ணன் என்னைக் கடந்து போனார். "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். நிற்கவில்லை. "எழுதத் தெரிஞ்ச புள்ள" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அரிவாளைப் பார்த்துச் சொன்னார்.

18 மார்ச், செவ்வாய்

வண்டியில் கோணியை எடுத்தாயிற்று. வாங்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போகிறார்கள். "ஒண்ணுமில்லாமயா போலீஸு வரும்?" என்கிறாள் அம்மா. நான் படித்ததை நேரில் கேட்ட அதே அம்மா.

ஒரு வரி ஏழு நிமிடத்தில் ஏறிவிட்டது. இறக்குவதற்கு எந்த மனு அடிப்பது? யாருக்கு அடிப்பது?

19 மார்ச், புதன்

ஒரு வழி தோன்றியது. தெருவே பார்க்கும்படி நின்று இளநீர் குடிப்பது. எனக்கு இளநீரே பிடிக்காது என்பதை மாவீரர்கள் பொருட்படுத்துவதில்லை. போனேன். அவர் நிமிராமல் வெட்டிக் கொடுத்தார். கால் மணி நேரம் உறிஞ்சினேன். பார்த்தது: ஒரு நாய்.

22 மார்ச், சனி

நான்காவது இளநீர். பலன்: எனக்குச் சளி.

குறைகேட்புக் கூட்டத்தில் மட்டைப் பிரச்சினை தீர்ந்தது. மட்டைகளைக் கோணியில் கட்டி வைத்தால், குப்பை வண்டி தினமும் மதியம் எடுத்துக்கொள்ளும். சுமலதா மேடம் நகராட்சியில் பேசிவிட்டார். முதல் இரண்டு கோணியும் ஆதிலட்சுமி அம்மா வீட்டுடையவை. "எம் பேத்தியக் கொசு கடிக்கக் கூடாது, அவ்ளோதாண்டா எனக்கு." "சரிங்க அத்த." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு மேடம் பின்னாலேயே போனேன்.

"மேடம், போலீஸு வந்துதான அவரு பேரு கெட்டுது? போலீஸே வந்து அங்க எளநீர் குடிச்சா?"

மேடம் அசந்துபோனார். "ஏன்டி, உனக்கு இவ்ளோ நீளமாப் பேச வருமா?"

எனக்கும் இன்றுதான் தெரியும்.

24 மார்ச், திங்கள்

மேடமும் இரண்டு சிவப்புத் தொப்பிகளும் வண்டி முன்னால் ஜீப்பை நிறுத்தினார்கள். தெரு முழுவதும் ஜன்னல்கள் திறந்தன. அம்மா கடைக்கே போன் போட்டுவிட்டாள்: "மறுபடியும் புடிச்சுட்டாங்கடி அவன!"

"நல்லாப் பாரும்மா."

போனில் ஜன்னல் கதவு கிறீச்சிடுவது கேட்டது. பிறகு அம்மா சொன்னாள்: "வழுக்க சாப்டறாங்கடி."

2 ஏப்ரல், புதன்

கடையில் அக்கா போட்ட புது விதி: கையெழுத்துக்கு முன்னால் மனு முழுவதையும் நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்று ஆறு மனுக்கள். ஓர் ஆள் நடுவில் கையை உயர்த்தி, "அவ்ளோல்லாம் அடிக்கலம்மா, லேசாத்தான் தள்ளினான்" என்றார். அந்த வரியை எடுத்தேன். நல்ல வரிதான். போகட்டும்.

9 ஏப்ரல், புதன்

வெயில் தாங்கவில்லை. கடையிலிருந்து வரும்போது வண்டியில் வரிசை. எனக்கு முன்னால் எட்டுப் பேர், ஆதிலட்சுமி அம்மாவும் பேத்தியும் உட்பட. எனக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்தார்கள். என் முறை வரும்போது கன்னியப்பன் அண்ணன் கடைசிக் காயை வெட்டி முடித்திருந்தார். அரிவாளைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தீந்துபோச்சு பாப்பா. நாளைக்கு சீக்கிரமா வா."

"சரிண்ணா" என்றேன்.

பின்னால் நின்றவர்களுக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. திரும்பி, நானே அவர்களிடம் சத்தமாகச் சொன்னேன்: "தீந்துபோச்சுங்க. நாளைக்கு வாங்க."