பொட்டு வைத்த குழாய்

அன்பு மதினிக்கு,

நீங்கள் வைத்த பொட்டு திரும்பி வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் நாளைக்கு ஓட்டுப் போடப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? நம் லயத்து வீடுகளுக்கு முன்னால் ஒரு லொறி குழாய்களை இறக்கிவிட்டுப் போனது. மேலே ஊற்றிலிருந்து வாசல்வரைக்கும் தண்ணீர் வரும் என்றார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கேட்டால் பிரதேச சபையைக் கைகாட்டுவார்கள். சபையில் கேட்டால், அது தோட்டத்து நிலம், நாங்கள் கை வைக்க முடியாது என்பார்கள். நடுவில் குடத்தோடு நின்றது நாம்தான். குழாயைக் கண்டதும் நமக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் தப்புப் பண்ணினோம். குழாய்களுக்கு மாலை போட்டோம், சூடம் காட்டினோம். வழவழப்பில் குங்குமம் ஒட்டவில்லை என்று நீங்கள் மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து ஒரு குழாயின் நுனியில் பொட்டு வைத்தீர்கள். "பொண்ணு பார்க்க வாற மாதிரியில்ல இருக்கு" என்று நான் கேலி பண்ணினேன். வேட்பாளர் வந்து தொட்டுக் கொடுத்தால்தான் மண்ணில் இறக்க வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் வரவேயில்லை. தேர்தலில் தோற்றும் போனார். மூன்றாம் நாள் அதே லொறி வந்து, மாலையோடு குழாய்களை ஏற்றிக்கொண்டு போனது.

நீங்கள் லொறிக்குப் பின்னாலேயே ஓடினீர்கள். "ஓட்டும் போட்டோம், பூசையும் போட்டோம். தோத்தது அவரு, தண்டனை எங்களுக்கா?" என்று நீங்கள் போட்ட சத்தம் கீழ் லயம்வரை கேட்டது.

அந்த ஐப்பசி மழையில்தான் ஊற்றடிப் பாறையில் குடத்தோடு வழுக்கி விழுந்தீர்கள். இரத்தோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "கவனமில்லாம நடந்திருப்பாங்க" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை, மதினி.

இப்போது மறுபடி தேர்தல். ஒரு சனிக்கிழமை மறுபடி குழாய் வந்தது. கட்சி வேறு, போஸ்டரில் முகம் வேறு, லொறி மட்டும் அதேதான். அண்ணன் ஒரு குழாயைப் புரட்டிப் பார்த்தவர், அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். நுனியில் சிவப்புப் பொட்டு, பாதி உரிந்துபோய் இருந்தது. இத்தனை நாளும் அது எந்தெந்த லயத்தில் மாலை வாங்கிக்கொண்டு திரிந்ததோ?  அண்ணன் எழுந்து போய் மண் வெட்ட மம்முட்டியோடு வந்தார்.

"கேண்டிடேட் அடுத்த ஞாயித்துக்கிழமை வாறாரு, அதுவரைக்கும் பொறுங்க" என்றார் தோட்டத் தலைவர்.

"பொறுத்தது போதுங்க தலைவரே. அவரு வந்தா தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் லயமே மலையில் ஏறியது. நடுப்பகலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. தமிழர்கள் மலையில் குழி தோண்டுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சண்டை நடக்கிற காலம், உங்களுக்குத் தெரியாததா? எல்லோரும் அடையாள அட்டையை எடுத்து நீட்டினோம். 

"மொனவத மே?" இது என்ன என்று அதட்டினார் ஜீப்பிலிருந்து இறங்கிய பொலிஸ்காரர்.

"வத்துர, மாத்தயா. பொன்ன வத்துர" என்றேன். தண்ணீர் ஐயா, குடிக்கிற தண்ணீர். பொட்டுக் குழாயைக் காட்டி, தெரிந்த சிங்களத்தில் உங்கள் கதையையும் சொன்னேன். அவர் கலேவெலக்காரராம். அவருடைய அம்மாவும் வெயில் காலத்தில் தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறவர்தானாம். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். சீக்கிரம் மூடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் மூடிவிட்டோம். திங்கட்கிழமை காலை முதலில் காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். அடுத்த ஞாயிறு வேட்பாளர் மாலையும் கழுத்துமாக வந்து குழாய்களைத் தேடினார். "மண்ணுக்குள்ள இருக்குங்க ஐயா" என்று ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினேன். சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் வாங்கிக் குடித்தார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு தேர்தல் முந்தி இந்தப் புத்தி வந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? இதை நான் யாரிடம் கேட்பேன்?

உங்கள் பொட்டுக் குழாயை உங்கள் காம்பரா வாசலுக்கு நேரே புதைத்திருக்கிறோம். நாளை யார் வென்றாலும் தோற்றாலும் மூன்றாம் நாள் அந்த லொறி வரலாம். வரட்டும். அன்றைக்கு நான் கொழுந்தெடுக்கப் போக மாட்டேன். அந்த இடத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பேன். என்னைத் தூக்கிவிட்டுத்தான் அதைத் தூக்க வேண்டும்.

உங்கள் மகள் இனி அந்தப் பாறையில் கால் வைக்க மாட்டாள், மதினி.

உங்களைக் கேலி பண்ணியே வளர்ந்த நாத்தனார்,
செல்லம்மா