மழையில் நனைந்த வரகு

கார்த்திகை, வெள்ளிக்கிழமை, 1936.

ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ருக்குமணி எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறாள். காரணம் நான்தான். பல்லடம் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று வரகு வாங்கி வந்தேன். குத்தும்போதே சொன்னாள்.

"ஏனுங்க, இது மழையில நனைஞ்ச வரகாட்ட இருக்குது. பூசண வாசம் அடிக்குதுங்க."

"கழுவி ஆக்கினாச் சரியாப் போயிரும், அம்மணி" என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

நான் பள்ளிக்கூடத்துக்குக் கம்பங்கூழ் கொண்டு போயிருந்தேன். அவள் மட்டும் வரகுச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாள். சாயங்காலம் வந்து பார்த்தால், கைகால் நடுங்க, வாய் குழறிக் கிடந்தாள். டாக்டர் கோயமுத்தூரில் இருக்கிறார். இந்த மழைக்கு ஒரு வண்டிக்காரரும் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் வந்து சோற்றை மோந்து பார்த்தார்.

"கிறுக்கு வரகுங்க இது, பூசணம் புடிச்சுத் தலைக்கேறுற வெசம். தூங்கி எந்திரிச்சாத் தெளிஞ்சுருமுங்க."

"வயித்துல இருக்கற கொழந்தைக்குங்க?"

அவர் பானையோடு எடுத்துப்போய்ச் சோற்றைக் குழியில் கொட்டி மூடினார்.

இப்போது தூங்குகிறாள். நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. சற்று முன்பு அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஏதோ அசைந்தது. அது குழந்தையா, அவளுடைய நடுக்கமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.